எட்டுப் படிகளோடு நின்ற வீடு

யாழ்ப்பாணத்தில் காரைநகர் பஸ்ஸில் ஏறி இருந்தால் மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். மூளாயையும் தாண்டினால் பொன்னாலை. அங்கே நிலம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கடலுக்கு நடுவே நீண்ட பாதை. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், களங்கண்டி வலைக் கம்புகள், அசையாமல் நிற்கும் கொக்குகள். சோளகம் வீசும் மாதங்களில் யன்னலோரம் இருந்து போனால், வலந்தலைச் சந்தியில் இறங்கும்போது உதடு உப்புக் கரிக்கும். சின்ன வயதில் அந்த உப்பை நக்கிப் பார்த்துக்கொண்டு போவோம். அதே உப்புத்தான் எங்கள் வீட்டுச் சுவர்களைத் தின்கிறது என்பது எனக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் விளங்கியது.

காரைநகர் ஒருகாலத்தில் காரைதீவு. ஊரில் தண்ணீர் குறைவு. தோட்டம் செய்து பெரிதாக முன்னுக்கு வர முடியாது. அதனால் ஆண்கள் நாடு முழுவதும் போய்க் கடை வைத்தார்கள். உழைத்த காசை ஊருக்குக் கொண்டுவந்து வீடாகக் கட்டினார்கள். இன்றும் ஒழுங்கைகளில் நடந்து பார்த்தால், மதிலுக்குப் பின்னால் பெரிய பெரிய வீடுகள் கூரையில்லாமல் நிற்பதைக் காணலாம். 1991ஆம் ஆண்டு ஊர் இடம்பெயர்ந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை.

எங்கள் வீடும் அப்படி நின்ற ஒன்றுதான். அம்மம்மாவின் தகப்பனார் கட்டியது. முகப்பில் சுண்ணாம்பால் வார்த்த 1926 என்ற எண் இன்னும் இருக்கிறது. அது நாற்சார் வீடு. இந்தச் சொல்லைக் கேள்விப்படாத வாசகிகளுக்குச் சொல்வதானால், நடுவிலே வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தூண் வைத்த விறாந்தை, அதற்குப் பின்னால் அறைகள். கூரைகள் நான்கும் உள்முற்றத்தை நோக்கிச் சரியும். மழை பெய்தால் நான்கு பக்கத் தண்ணீரும் வீட்டின் நடுவிலே விழும்.

ஆனால் எங்கள் வீடு முறையான நாற்சாரும் இல்லை. பூட்டனார் காசு வந்த நேரத்திலெல்லாம் ஒவ்வொரு துண்டாகக் கட்டியிருக்கிறார். ஓர் அறையின் தரை மற்ற அறையின் தரையைவிட ஒரு முழம் உயரம். இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே ஒரு யன்னல் இருக்கிறது. அதைத் திறந்தால் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை, அடுத்த அறையில் படுத்திருப்பவரின் கால்தான் தெரியும். சாமியறைக் கதவு குனிந்தால்தான் நுழையக்கூடிய அளவு. எல்லாவற்றிலும் விசித்திரம் மேற்கு விறாந்தையில் இருக்கும் படிக்கட்டு. மேல்வீடு கட்டுவதற்கென்று தொடங்கிய படி. 1930களில் வியாபாரம் விழுந்தபோது வேலையும் நின்றது. எட்டுப் படிகள் ஏறினால் சுவர். எங்கள் குடும்பத்தில் ஒரு காரியம் பாதியில் நின்றால் “எட்டாம் படியில நிக்குது” என்றுதான் இன்றைக்கும் சொல்வோம்.

இந்த வீடு 1958இல் அம்மாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அதற்கு முன்னர் அம்மம்மாவுக்கு. எங்களுடைய தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கினார்கள். சீதனம் கொடுக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் வீடு இழந்த பெற்றோரையும், கலியாணம் தள்ளிப்போன பெண்களையும் நிறையக் கண்டிருக்கிறேன். தன் சீதன வீட்டையே விற்பதென்றாலும் மனைவி கணவனிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்ற விதியும் அதே சட்டப் பரப்பில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கத்தின் இன்னொரு பக்கம், வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவது. எந்தச் சுவரில் எப்போது வெடிப்பு வந்தது, எந்த ஓட்டுக்குக் கீழே மழை ஒழுகும் என்று எங்கள் வீட்டில் தெரிந்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள்தான்.

2002இல் சமாதான காலத்தில் பாதை திறந்தபோது நானும் அம்மாவும் வந்து பார்த்தோம். கதவுகள், யன்னல்கள் ஒன்றும் இல்லை. வடக்குப் பக்க ஓடுகள் பாதிக்கு மேல் இல்லை. முற்றத்தில் ஒரு வேம்பு கூரைக்கு மேலாக வளர்ந்து நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் ஒரு தூணைத் துடைத்துவிட்டு வந்து பஸ்ஸில் ஏறினார். பிறகு பாதை மூடியது. போர் 2009இல் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் அம்மா வெள்ளவத்தை பிளாற்றில் ஒரு காலை தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, “நான் ஊருக்குப் போகப் போறன் பிள்ளை” என்றார். அப்போது அவருக்கு 77 வயது.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் இருவரும் நல்ல பிள்ளைகள். காசு அனுப்பச் சம்மதித்தார்கள். ஆனால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றார்கள். படமும் அனுப்பினார்கள். தட்டையான கொங்கிறீற் கூரை, அறையோடு சேர்ந்த குளியலறை, தரைக்கு மாபிள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. வயது போன மனிசி கிணற்றடிக்கும் கோடியிலிருக்கும் மலசலகூடத்துக்கும் இரவில் நடக்க முடியுமா? அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு. இந்தப் பெட்டிக்குள்ள நான் எங்க இருந்து வானத்தைப் பாக்கிறது?” என்றார்.

தம்பிமார் புதுவீட்டுக்குச் சொன்ன தொகையில் பாதியை வாங்கிக்கொண்டு நான் வேலையைத் தொடங்கினேன். வீடு திருத்துவது பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நான் ஒரு கணித ஆசிரியை.

முதலாவது ஆலோசனை பக்கத்து ஊர் மேசன் ஒருவரிடமிருந்து கிடைத்தது. அறுபது கடந்த மனிதர். வீட்டைச் சுற்றி வந்தவர், சுவரை விரல் முட்டியால் தட்டினார். “ரீச்சர், இப்ப ஒண்டும் செய்யாதேங்கோ. ஒரு மாரி இருந்து பாருங்கோ” என்றார். வேலை வேண்டாம் என்று சொல்லும் மேசனை நான் அன்றுதான் கண்டேன். அந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் சித்தி வீட்டில் தங்கி, மழை பெய்யும் நேரமெல்லாம் குடையோடும் கொப்பியோடும் அங்கே போய் நின்றேன். எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, எந்தச் சுவர் எவ்வளவு உயரத்துக்கு நனைகிறது என்று எழுதினேன். அந்தக் கொப்பி இல்லாமல் தொடங்கியிருந்தால் காசில் பாதியைப் பிழையான இடத்தில் போட்டிருப்பேன்.

கொப்பியில் தெரிந்த முதல் விடயம், கூரையைவிட நிலம்தான் பெரிய எதிரி என்பது. வருடக்கணக்காக இலையும் குப்பையும் மண்ணும் சேர்ந்து, வெளி வளவின் மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தது. மழைத் தண்ணீர் சுவரோடு சாய்ந்து நின்றது. இரண்டு பேர் ஆறு நாள் மண்வெட்டி பிடித்து அந்த மண்ணை இறக்கினார்கள். சுவரிலிருந்து வெளியே சரியும்படி நிலத்தைச் சமப்படுத்தினோம். முற்றத்து மூலையில் அடைபட்டுக் கிடந்த தண்ணீர்ப் போக்கியைத் தேடிக் கண்டுபிடித்துத் தோண்டினோம். அதற்குள்ளிருந்து ஒரு பித்தளைக் குத்துவிளக்கின் தண்டு வந்தது. அம்மா அதைப் பார்த்த உடனே யாருடையது என்று சொன்னார். அந்த வேலைக்குச் செலவு மிகக் குறைவு. பலனோ அடுத்த மாரியிலேயே தெரிந்தது.

அடுத்தது கூரை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கூரைக்கு வைரம் பாய்ந்த பனஞ்சலாகை போட்டிருப்பார்கள். ஓடாவியார் ஓடுகளை இறக்கிவிட்டு ஒவ்வொரு சலாகையையும் உளியின் நுனியால் குத்திப் பார்த்தார். நடுப்பகுதி இரும்புபோல இருந்தது. சுவருக்குள் புதைந்த நுனிகள்தான் உக்கியிருந்தன. மரம் காற்றுப்படும் இடத்தில் கெடுவதில்லை, ஈரச் சுவருக்குள் மூச்சு முட்டினால்தான் கெடும் என்றார். உக்கிய நுனிகளை அறுத்து, பழைய மரத்தோடு புதுத் துண்டைப் பொருத்தி, மறுபடி வைக்கும்போது நுனியைச் சுற்றிச் சாந்து அடைக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டார். தீராந்தி இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. முழுக்கூரையையும் புது மரத்தில் செய்வதற்கு ஒரு ஒப்பந்தகாரர் முதலில் கேட்ட தொகையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

ஓடுகளை நானும் அம்மாவும் முற்றத்தில் இருந்து பிரித்தோம். ஒரு கையால் தூக்கி மறுகை விரலால் சுண்டினால், நல்ல ஓடு கிண்ணென்று ஒலிக்கும். வெடித்தது மண்பானைபோல மொத்தென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் காதுக்குத் தெரியும். இதை அம்மாதான் கற்பித்தார். குறைந்த ஓடுகளை ஊரில் இடிபடும் வீடுகளிலிருந்து வாங்கினோம். ஒவ்வொரு பழைய அறைக்கும் இரண்டு மூன்று கண்ணாடி ஓடு போட்டோம். யன்னல் குறைந்த இருட்டறைகளுக்கு அதைவிட மலிவான வெளிச்சம் கிடையாது. ஆனால் வெயில் நேரே கட்டில் தலைமாட்டில் விழாத இடமாகப் பார்த்துப் போட வேண்டும். நாங்கள் ஒன்றைப் பிழையாகப் போட்டோம். அந்த அறையில் மத்தியானம் படுக்க முடியாது.

குசினிக்கு மேல் யாரோ எப்போதோ அஸ்பெஸ்டஸ் தகடு போட்டிருந்தார்கள். அதைச் சுத்தியலால் அடித்து உடைத்து இறக்கத் தயாரானார்கள். நல்லவேளை நான் அங்கே நின்றேன். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருடங்கள் கழித்து நோயாக வெளிவரும். தண்ணீரால் நன்றாக நனைத்து, உடைக்காமல் ஆணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். மூக்கையும் வாயையும் சரியான முகக்கவசத்தால் மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. உங்கள் வீடுகளில் இந்தத் தகடு இருந்தால் தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

இனிச் சுவருக்கு வருகிறேன். சுற்றுச் சுவர்களின் அடியில் நான்கு அடி உயரத்துக்குச் சீமெந்து பூசியிருந்தது. எண்பதுகளில் அப்பா பூசுவித்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொடங்கியதிலிருந்து 1990இல் நிற்கும்வரை எங்கள் பகுதியில் சீமெந்து பூசுவது வசதிக்கு அடையாளம். ஈரம் ஏறுகிறது என்று அப்பா அதைப் பூசினார். ஈரமோ நிற்கவில்லை. நான்கு அடிக்கு மேலே, ஐந்தாவது அடியில் சுவர் பொருமி உதிர்ந்துகொண்டிருந்தது.

மேசன் ஒரு இடத்தில் அந்தப் பூச்சைத் தட்டினார். பெரிய தட்டாகக் கழன்று விழுந்தது. உள்ளே சுவர் முழுக்க வெள்ளைப் பூ. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். பொன்னாலைப் பாதையில் பஸ்ஸில் வரும் அதே ருசி.

“ரீச்சர், இது சுண்ணாம்புச் சுவர். நிலத்து ஈரத்தைக் குடிக்கும், வெயிலுக்கு விட்டிடும். நீங்கள் அதின்ர வாயைச் சீமெந்தால பொத்திப்போட்டியள். அது வேற எங்க போகும்? மேலதான் ஏறும்.”

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. பழைய வீடுகளுக்கு அத்திவாரத்தில் ஈரம் தடுக்கும் படை இல்லை. நிலத்து ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். அது பளிங்காகிப் பெருக்கும்போது பூச்சைத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சு மெதுவானது, நுண்துளை உள்ளது. உப்புத் தாக்கினால் அந்தப் பூச்சுத்தான் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், கல் தப்பிவிடும். சில வருடத்துக்கு ஒருமுறை உதிர்ந்த இடத்தைப் பூசிக்கொண்டால் போதும். கெட்டியான சீமெந்து தான் உதிராமல் உள்ளே இருக்கும் கல்லை உதிர வைக்கிறது. நீடித்து நிற்க வேண்டுமென்றால் உறுதியானதைப் பூச வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு இது புதுப் பாடம்.

சீமெந்து முழுவதையும் அகற்றினோம். சுவரை ஒரு கோடை முழுக்கச் சும்மா காயவிட்டோம். பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருந்தது. தெருவால் போனவர்கள், “காசு முடிஞ்சுபோச்சோ?” என்று கேட்டார்கள். பிறகு சுண்ணாம்பு. முந்திய காலத்தில் கடலிலிருந்து பவளக்கல் எடுத்துச் சூளையில் சுடுவார்கள். இன்று பவளக்கல் எடுப்பதற்குச் சட்டப்படி தடை. கடற்கரையைக் காப்பாற்றுவது அந்தக் கல்தான் என்பதால் தடை சரியே. நாங்கள் வாங்கியது நிலத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டது. குழி வெட்டி, தண்ணீர் விட்டு நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி மூன்று மாதம் ஊறவைத்தோம். தயிர்ப் பதத்துக்கு வந்தது. நீற்றும்போது அது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். குழிக்கு வேலி அடைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்ட பிறகுதான் வேலை செய்ய விட்டேன். கூலி ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழைப்பதற்கு எங்கள் கிணற்று உவர் நீர் ஆகாது. கடல் மணலும் ஆகாது. இரண்டிலும் உப்பு. நல்ல தண்ணீர் பவுசரில் வந்தது. மெல்லிய படைகளாக மூன்று தடவை பூசினார்கள். ஒவ்வொரு படைக்கும் நடுவே நாட்கணக்கில் பொறுக்க வேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் கல்லாகிறது. சூளையில் விட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்று சொல்லலாம்.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அறைக்கு மட்டும் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, கழுவக்கூடிய விலையுயர்ந்த பெயின்ற் வாங்கி அடித்தேன். இளம் பச்சை, பார்க்க அழகு. ஒரே மாரியில் அம்மை போட்டதுபோலக் கொப்பளித்தது. சுரண்டி எடுக்க நான்கு நாள். இப்போது எல்லா அறைக்கும் சுண்ணாம்பு வெள்ளைதான். சாமியறைக்கு மாத்திரம் காவி கலந்து அடித்தோம். 2022இல் சீமெந்தும் பெயின்ற்றும் கைக்கெட்டாத விலைக்கு ஏறியபோது, குழியில் மிச்சமிருந்த சுண்ணாம்பு எங்களுக்கும் அயலில் மூன்று வீடுகளுக்கும் உதவியது.

கூரை வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு வாகனம் வாசலில் நின்றது. இறங்கிய இருவரும் உள்ளே பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். முற்றத்தைச் சுற்றியிருந்த பன்னிரண்டு முதிரைத் தூண்களையும் தட்டிப் பார்த்தார்கள். ஹோட்டல் ஒன்றுக்கு வேண்டுமாம். தூண்களுக்குப் பதிலாகக் கொங்கிறீற் தூண் தாங்களே போட்டுத் தருவார்களாம். சொன்ன விலை, மேற்குப் பக்கக் கூரை முழுவதையும் முடிக்கப் போதுமானது. அந்த நேரம் என்னிடம் இருந்த காசு கிழக்குப் பக்கத்துக்கே காணாது. போரின் பின்னர் எங்கள் ஊர்களிலிருந்து எத்தனை தூண்களும் கதவுகளும் இப்படிப் போயிருக்கின்றன! விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கூரையில்லாத வீட்டில் தூணை வைத்து என்ன செய்வது?

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் பழசு என்று கழற்றிக் கொடுப்பதைத்தான் வசதி படைத்தவர்கள் தேடித் தேடிப் பூட்டுகிறார்கள். கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளை 1958 தொடக்கம் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தன் வீடாக்கினார். அங்கே போய்ப் பார்த்தால் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கும். அவர் ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கட்டிய முற்றம் வைத்த வீட்டைப் பின்னாளில் துண்டு துண்டாகக் கழற்றி, கொண்டுபோய் லுணுகங்கையில் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். நடு முற்றத்துக்கு அவ்வளவு மதிப்பு.

அன்று நான் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றேன். உண்மையில் விற்கத்தான் நினைத்தேன். இரவு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா, “மேற்குப் பக்கம் இப்ப ஆருக்குப் பிள்ளை? நாங்கள் ரண்டு பேர்தானே. அங்கால் பக்கத்தை மூடி வை” என்றார். ஆம், முழு வீட்டையும் ஒரேயடியாகத் திருத்த வேண்டும் என்று யார் சொன்னது? மேற்குப் பக்கச் சுவர்களின் தலைப்பை மழை இறங்காதபடி சாந்து பூசி மூடி, தூண்களுக்கு மேல் கிடுகு வேய்ந்து, அப்படியே விட்டோம். தூண்கள் பன்னிரண்டும் நிற்கின்றன.

முற்றத்தையும் மூடச் சொன்னார்கள். ஒளி ஊடுருவும் தகடு போட்டால் பெரிய ஹோல் கிடைக்குமாம். நான் சம்மதிக்கவில்லை. சூடான காற்று மேலே எழுந்து போவது அந்த வழியால்தான். மூடினால் வீடு போறணை. கள்ளருக்குப் பயந்து கம்பிவலை மட்டும் போட்டோம், கறள் பிடிக்காத நாகம் பூசிய வலை. கடற்கரை ஊரில் சாதாரண ஆணியும் பிணைச்சலும் இரண்டே வருடத்தில் கரைந்துவிடும். பிணைச்சல்களைப் பித்தளையில் வாங்கினோம், விலை அதிகம்தான். கூரை விளிம்பில் பீலி பூட்டி, மழைநீரைத் தாங்கிக்கு எடுத்தோம். மாரியின் முதல் மழைகளைக் கூரை கழுவ விட்டுவிட்டு அதற்குப் பிறகு வருவதைத்தான் பிடிக்க வேண்டும். தாங்கியின் வாய்க்கு நுளம்பு போகாத வலை கட்டாயம்; டெங்குக்காரிக்கு நாங்களே வீடு கட்டிக் கொடுக்கக்கூடாது. குடிதண்ணீருக்காகக் குடங்களோடு வரிசையில் நின்று வளர்ந்த அம்மாவுக்கு, முற்றத்து மழை தாங்கிக்குள் விழும் சத்தம் இப்போதும் அதிசயம்.

அம்மாவின் முழங்காலுக்காகத்தான் வீட்டின் உள்பக்கத்தை மாற்றினோம். நெல் மூட்டை அடுக்கிய கொம்பறையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மலசலகூடமும் குளியலறையும் ஆக்கினேன். எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மலக்குழி நீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும். ஆகவே அடியும் பக்கமும் மூடிய தொட்டியை, கிணற்றிலிருந்து முடிந்தளவு தூரத்தில், வளவின் மறு கோடியில் கட்டினோம். ஒரு முழம் உயரமான அறைக்குப் படிக்குப் பதிலாகச் சரிவு போட்டோம். இரண்டு அறைக்கு நடுவே இருந்த அந்தப் பைத்தியக்கார யன்னலை அடைக்க நினைத்திருந்தேன். அம்மா படுப்பது ஒரு பக்கம், நான் மறுபக்கம். இரவில் அவர் இருமினால் எனக்குக் கேட்கிறது. பூட்டனார் ஏன் வைத்தாரோ தெரியாது, இப்போது அந்த வீட்டில் மிகவும் பயன்படும் யன்னல் அதுதான்.

தரை பழைய சிவப்புச் சீமெந்துத் தரை. மாபிள் ஈரத்தில் வழுக்கும் என்பதால் அதையே வைத்துக்கொண்டோம். வெடித்த இடங்களை அடைத்து, தென்னம் பொச்சால் நாள்தோறும் தேய்த்தோம். இரண்டு மாதத்தில் மினுங்கத் தொடங்கியது. திரைச்சீலைகள் அம்மாவின் பழைய நூல் சேலைகள். சாய்மனைக் கதிரை ஒன்றைச் சுன்னாகத்தில் பழைய தளபாடக் கடையில் எடுத்தோம். எட்டுப் படிகளிலும் முதலில் பூச்சாடி வைத்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இப்போது புத்தகங்கள் கிழக்குப் பக்கம் வந்துவிட்டன, படிகளில் அவருடைய ஊறுகாய்ப் போத்தல்கள் வெயில் காய்கின்றன.

முன்கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் தப்பிய ஒரே பழைய கதவு. அதில் ஷெல் துண்டு பட்ட ஏழு துளைகள். ஓடாவியார் மரக்கட்டை வைத்து அடைக்கட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அது வரலாறு, அழியக்கூடாது, வரும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விளக்கம் கொடுத்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

“உனக்கு அது வரலாறு. நான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பித் திறக்கிற கதவு. அடையுங்கோ தம்பி” என்றார்.

அடைத்தார்கள். புதுக் கட்டையின் நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. எண்ணெய் பூசப் பூச இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும்.

2018 சித்திரையில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் மழை கொட்டிய இரவு, கொப்பியையும் ரோர்ச்சையும் எடுத்துக்கொண்டு அறை அறையாகத் திரிந்தேன். ஒரே ஓர் இடத்தில் ஒழுகியது. அம்மா எழும்பாமலே, “சாமியறை மூலைதானே? பித்தளை அண்டாவை வை. 64 புயலுக்கும் அதிலதான் ஒழுகினது” என்றார்.

மேற்குப் பக்கம் இன்னும் கிடுகோடுதான் நிற்கிறது. முற்றத்து ஓரத்தில் சுண்டிப் பார்த்த ஓடுகள் நானூறு அடுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் ஆயிரத்துக்கு மேல் வேண்டும். பொன்னாலைப் பக்கம் ஒரு வீடு இடிக்கிறார்களாம். மேசன் சொன்னார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.